12 ஊர், 480 பேர், 4 அளவீடு: மிக்ஸ்டு மாடலில் எதை எங்கே வைப்பது?

சமூக மருத்துவத்தில் முதுநிலை படிக்கும் டாக்டர் ஒருவரின் கேள்வி இது. தொண்டியில் தொடங்கி வாலிநோக்கம் வரை 12 மீனவ ஊர்கள். குலுக்கலில் 6 ஊர்களுக்குச் சோடியம் குறைத்துப் பொட்டாசியம் கலந்த உப்பு, மற்ற 6 ஊர்களுக்கு வழக்கமான உப்பு. ஊருக்கு 40 பேர், மொத்தம் 480. தொடக்கத்திலும் 3ஆம், 6ஆம் மாதங்களிலும் ரத்த அழுத்தம் எடுத்தாயிற்று. 12ஆம் மாத அளவீடு பாக்கி. 6ஆம் மாத முகாம் மார்ச்சில் வந்ததால் ஆண்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் கடலில் இருந்தார்கள், கிடைக்கவில்லை. கடைசி அளவீட்டில் இரண்டு தரப்பின் சராசரிகளையும் ஒப்பிட ஒரு டி-டெஸ்ட் போட்டால் போதும் என்கிறார் வழிகாட்டி. ஒரே ஆளின் பல அளவீடுகளைச் சேர்த்து ஒப்பிடும் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா என்கிறார் சீனியர். "மிக்ஸ்டு மாடல் போடு, விடுபட்டதை அதுவே பார்த்துக்கொள்ளும்" என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

நண்பர் சொல்வதைக் கேளுங்கள். எல்லோருக்கும் பொதுவான விளைவையும், ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தையும் ஒரே கணக்கில் மதிப்பிடுவதுதான் மிக்ஸ்டு மாடல். ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. விடுபட்ட அளவீடு உங்களுக்கு இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை, நீங்கள் குலுக்கிப் போட்டது 480 மனிதர்களை அல்ல, 12 ஊர்களை. டி-டெஸ்டும் சரி, சாதாரண அனோவாவும் சரி, இதைக் கண்டுகொள்ளாது.

ஒரே ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் ஒத்திருப்பார்கள். ஒரே கடையில் உப்பு வாங்குகிறார்கள், ஒரே மாதிரி கருவாடு தின்கிறார்கள், ஒரே தொழில், ஒரே தண்ணீர், பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அதனால் ஒரே ஊரில் 40ஆவது ஆளை அளக்கும்போது கிடைக்கும் புதுத் தகவல், முதல் ஆளிடம் கிடைத்த அளவு இருக்காது. எவ்வளவு குறையும் என்பதைச் சொல்வதுதான் ஐசிசி. மொத்த மாறுபாட்டில் எத்தனை பங்கு ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசத்தால் வந்தது என்பதே அந்த எண். இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஊருக்கு உள்ள ஆட்களில் ஒன்றைக் கழித்து, ஐசிசியால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வருவது டிசைன் எஃபெக்ட். ஐசிசி 0.05 என்று வைத்துக்கொள்வோம். 39ஐ 0.05ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2.95. உங்கள் 480 பேரை இதனால் வகுத்தால் 163. அதாவது, தனித்தனியாகக் குலுக்கிய 163 பேர் தரும் பலம்தான் உங்கள் 480 பேருக்கு இருக்கிறது.

சரி, ஊருக்கு 80 பேராக இரட்டிப்பாக்கியிருந்தால்? 960 பேர், டிசைன் எஃபெக்ட் 4.95, பலம் 194 பேருக்குச் சமம். இரண்டு மடங்கு அலைச்சலுக்கு 31 பேர்தான் கூடுதல். ஊருக்கு ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் 240ஐத் தாண்டாது. அதே 960 பேரை 24 ஊர்களில் ஊருக்கு 40 என்று எடுத்திருந்தால் 325 வந்திருக்கும். ஊர்களைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டதால் உங்களுக்கு இது இப்போது உதவாது. ஆனால் உங்கள் ஜூனியர்கள் அடுத்த வருஷம் இதே கரையில் ஒரு ட்ரையல் போடுவார்கள், அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். சீனக் கிராமங்களில் இதே வகை உப்பை வைத்து நடந்த பெரிய ட்ரையலின் முடிவு 2021இல் வெளிவந்தது. அதில் 600 கிராமங்கள், சுமார் 21,000 பேர். கிராமத்துக்கு ஏறக்குறைய 35 பேர்தான். அத்தனை கிராமங்களைத் தேடிப் போனதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

வழிகாட்டி சொல்லும் டி-டெஸ்டைப் போட்டால், 163 பேரின் பலத்தை வைத்துக்கொண்டு 480 பேரின் பலம் இருப்பதாகச் சொல்வதாக ஆகும். திட்டப் பிழை, அதாவது நம் மதிப்பீடு எவ்வளவு தடுமாறும் என்ற அளவு, இருக்கவேண்டியதைவிடச் சிறியதாக வரும். தற்செயலாகவே இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் பி மதிப்பு அழகாக 0.05க்குக் கீழே இறங்கும். உப்பு ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும்கூட இறங்க வாய்ப்புண்டு. ஊர்வாரியாகக் குலுக்கிவிட்டு ஆள்வாரியாகக் கணக்குப் போடுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்று கார்ன்ஃபீல்டு என்ற புள்ளியியலாளர் 1978இலேயே கடுமையாக எழுதினார். உங்கள் வழிகாட்டியிடம் எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல மேற்கோள் கிடைக்காது.

இப்போது மாடலுக்கு வருவோம். எல்லோருக்கும் பொதுவாக, நாம் மதிப்பிட்டுச் சொல்ல விரும்புவது ஃபிக்ஸ்டு. உங்களுக்கு அது எந்த உப்பு, எந்த மாதம், உப்பின் பலன் மாதத்துக்கு மாதம் மாறுகிறதா என்று காட்டும் இன்டராக்‌ஷன், தொடக்க ரத்த அழுத்தம். ஒரு பெரிய கூட்டத்திலிருந்து வந்த மாதிரியாக நாம் பார்ப்பது ராண்டம். உங்களுக்கு ஊர் ராண்டம், ஊருக்குள் ஆள் ராண்டம். ஒரே வீட்டில் இரண்டு பேரை எடுத்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் வீடும் ராண்டம், ஏனென்றால் ஒரே உலையில் வெந்த சோறு. தனித்தனி வீடுகளிலிருந்து எடுத்திருந்தால் அந்த அடுக்கை விட்டுவிடலாம்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பாக் நீரிணைப் பக்கம், மன்னார் வளைகுடாப் பக்கம் என்ற பிரிவை ராண்டமாகப் போடலாமா என்று கேட்பார்கள். போடக்கூடாது. இருப்பது இரண்டே இரண்டு. இரண்டு எண்களிலிருந்து மாறுபாட்டை நம்பும்படி மதிப்பிட முடியாது. வடகடல் ஊர், தென்கடல் ஊர் என்பதை ஃபிக்ஸ்டாகவே வையுங்கள். குலுக்கும்போது இந்தப் பிரிவுக்குள் குலுக்கியிருந்தால் மாடலிலும் அது கட்டாயம் இருக்கவேண்டும்.

தொடக்க அளவீட்டை என்ன செய்வது? அதை முடிவுகளில் ஒன்றாகச் சேர்க்காமல் விளக்க மாறியாக வையுங்கள், மாதத்தோடு அதற்கும் ஒரு இன்டராக்‌ஷன் கொடுங்கள். 12ஆம் மாத மதிப்பிலிருந்து தொடக்க மதிப்பைக் கழித்து "மாற்றம்" என்று வைத்துக்கொள்வதைவிட இது மேல். ரத்த அழுத்தம் முதல் தடவை உயரமாக வந்தவருக்கு அடுத்த தடவை தானாகவே கொஞ்சம் இறங்கும். அதை உப்பின் கணக்கில் எழுதாமலிருக்க இந்த வழி உதவும்.

மிக்ஸ்டு மாடல் உள்ளே என்ன செய்கிறது என்று ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் பயம் போய்விடும். ஊரை ஒதுக்கிவைத்து ஆட்களை மட்டும் பாருங்கள். சராசரி சிஸ்டாலிக் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) 138. ஆளுக்கு ஆள் திட்ட விலக்கம் 12, ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் திட்ட விலக்கம் 8. இரண்டையும் வர்க்கம் ஆக்கினால் 144, 64. ஒரு படகோட்டிக்கு ஒரே ஒரு அளவீடுதான் கிடைத்தது, அது 170. இவருடைய உண்மையான அளவு 170 என்று மாடல் நம்பாது. 144ஐ 208ஆல் வகுத்தால் 0.69. சராசரியிலிருந்து அவர் விலகிய 32இல் 0.69 பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் 160 அளவில் இருப்பார் என்று மதிப்பிடும். இன்னொருவருக்கு நான்கு அளவீடுகள், நான்கின் சராசரியும் 170. இவருக்கு நாள் மாறுபாடு 64இல் நான்கில் ஒரு பங்கு, அதாவது 16 ஆகிவிடும். 144ஐ 160ஆல் வகுத்தால் 0.9. மதிப்பீடு 167 அளவில் நிற்கும். ஒருவரைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுக்குத்தான் அவரை நம்புவது. பால்மாடுகளில் எந்தக் காளையின் வாரிசு நல்லது என்று கணிக்க, கால்நடை இனவிருத்தி ஆய்வாளர் ஹென்டர்சன் வளர்த்தெடுத்த முறை இது. புள்ளியியலாளர்கள் லெயர்டும் வேரும் 1982இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மருத்துவத் தரவுகளில் ஊன்றிக்கொண்டது.

இதனால்தான் இரண்டு அளவீடு மட்டும் உள்ள ஆளைத் தூக்கி எறியவேண்டியதில்லை. சீனியர் சொல்லும் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா, ஒரு அளவீடு இல்லையென்றால் அந்த ஆளையே நீக்கிவிடும். உங்கள் ஆண்களில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே போய்விடும், அதுவும் கடலுக்கு அடிக்கடி போகிறவர்களாகப் பார்த்துப் போய்விடும். கடைசியாகக் கிடைத்த அளவீட்டையே 6ஆம் மாதத்துக்கும் நிரப்பி எழுதும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். டிசம்பரில் ஒருவருக்கு 150 இருந்தது என்பதால் மார்ச்சிலும் 150தான் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது.

ஆனால் "அதுவே பார்த்துக்கொள்ளும்" என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அளவீடு விடுபட்டதற்கான காரணம், நம் கையில் உள்ள தரவுக்குள் அடங்கியிருக்க வேண்டும். புள்ளியியலாளர் ரூபின் 1976இல் வகுத்துக் கொடுத்த பாகுபாடு இது. உங்கள் ஊர்களில் இதை யோசிப்பது சுலபம். பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். ஒரு ஊரில் ஒரே நாள் முகாம் போட்டால் ஏதோ ஒரு தரப்பு கட்டாயம் கடலில் இருக்கும். அப்படி விடுபட்டவர் எந்தப் படகில் போகிறவர் என்று உங்கள் படிவத்தில் இருக்கிறது என்றால், அதை மாடலில் சேர்த்துவிட்டால், விடுபட்டதற்கான காரணம் தரவுக்குள் வந்துவிட்டது. அவருடைய 3ஆம் மாத அளவீடும், அவரைப் போன்ற மற்றவர்களின் 6ஆம் மாத அளவீடும் மாடலுக்குக் கைகொடுக்கும்.

வேறொருவர் வரவில்லை. ஏன் என்று கேட்டால், அந்த உப்பில் குழம்பு ருசிக்கவில்லை, நிறுத்திவிட்டோம், டாக்டர் கேட்பாரே என்று கூச்சமாக இருந்தது என்கிறார். அல்லது தலைசுற்றல் வந்து மதுரைக்குப் போய் அங்கேயே இருக்கிறார். இங்கே விடுபட்டதற்கும், விடுபட்ட எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. எந்த மாடலும் இதைத் தானாகச் சரிசெய்யாது. ஆகவே 12ஆம் மாதத்தில் வராதவர் ஒவ்வொருவருக்கும் காரணத்தைக் கேட்டு எழுதுங்கள். "வரவில்லை" என்று மட்டும் எழுதுவது போதாது. கடலில் இருந்தார், வெளிநாடு போய்விட்டார், உப்பு பிடிக்கவில்லை, உடம்பு சரியில்லை, இறந்துவிட்டார் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். உப்பு மாற்றிய ஊர்களில் விடுபட்டவர்களுக்கு, மாடல் ஊகிப்பதைவிட 2 மி.மீ. கூடுதல் என்று வைத்து மல்டிபிள் இம்ப்யூடேஷன் (விடுபட்ட எண்களைப் பல தடவை ஊகித்து நிரப்பும் முறை) வழியாக மறுபடி கணக்கிடுங்கள், பிறகு 4, பிறகு 6. எந்த இடத்தில் முடிவு கவிழ்கிறது என்று பாருங்கள். 2 மி.மீ.க்கே கவிழ்ந்தால் முடிவு நிலையில்லாதது. 10 மி.மீ. வரை தாங்கினால் படிப்பவர் நிம்மதியாக நம்பலாம்.

மார்ச்சில் விடுபட்டவர்களை ஏப்ரல் 15க்குப் பிறகு, தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது பிடித்து அளந்திருக்கலாமே என்று தோன்றும். ஜூன் 14 வரை 61 நாள் கிடைக்கும், ஆளும் வீட்டில் இருப்பார். மிக்ஸ்டு மாடல் தேதி முன்பின் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும் என்பதும் உண்மை. ஆனாலும் நான் தயங்குவேன். தடைக்காலத்தில் அவர் சாப்பாடு வேறு, தூக்கம் வேறு, கையில் காசு இல்லாத கவலை வேறு. அந்த அளவீட்டை "6ஆம் மாதம்" என்ற பெயரில் சேர்த்தால் பருவத்தால் வந்த மாற்றத்தையும் உப்பால் வந்த மாற்றத்தையும் குழப்புவோம். செய்வதாக இருந்தால் இரண்டு தரப்பு ஊர்களிலும் ஒரே வாரங்களில் செய்யவேண்டும், உண்மையான தேதியைப் பதியவேண்டும். உங்கள் 12ஆம் மாதம், தொடங்கிய அதே செப்டம்பரில் வருகிறது, அது நல்லது. ஊருக்கு இரண்டு நாள் முகாம் போடுங்கள், ஒன்று விசைப்படகு போகும் நாள், ஒன்று நாட்டுப்படகு போகும் நாள். இரவு முழுக்க வலை இழுத்துவிட்டுக் காலையில் கரையேறியவரை உடனே உட்காரவைத்து அளக்காதீர்கள். அந்த எண் மாடலுக்குள் போய் நாள் மாறுபாட்டை வீங்க வைக்கும்.

தமிழ்நாட்டில் இந்த வகை ட்ரையலில் பலரும் மறக்கும் விஷயம் இன்னொன்று. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உங்கள் முகாமில் 160 என்று தெரிந்தவரை நீங்களே அங்கே அனுப்பியிருப்பீர்கள், அனுப்பத்தான் வேண்டும். அவர் மாத்திரை தொடங்கியபின் எடுத்த அளவீட்டை என்ன செய்வது? ட்ரையல்களுக்கான சர்வதேச வழிகாட்டுதலான ஐசிஎச் இ9இல் 2019இல் சேர்த்த பகுதி இதைத்தான் முதலில் முடிவு செய்யச் சொல்கிறது. மாத்திரையும் சேர்ந்த நிஜ வாழ்க்கையில் இந்த உப்பால் என்ன மாற்றம் என்று கேட்டால், எல்லா அளவீடுகளையும் அப்படியே வையுங்கள். மாத்திரையே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், அது வேறு கேள்வி, அதற்கு வேறு கணக்கு, கூடுதல் அனுமானங்கள். பொதுச் சுகாதாரத்துக்கு முதல் கேள்விதான் பயன் என்பது என் கருத்து. எதுவானாலும் 12ஆம் மாத எண்களைத் திறப்பதற்கு முன் எழுதிவைத்துவிடுங்கள். சிடிஆர்ஐ (இந்தியாவின் ட்ரையல் பதிவேடு) பதிவில் நீங்கள் அறிவித்த முதன்மை முடிவும் இதுவும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும், ஸ்பைரனோலேக்டோன் போன்ற பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நடுவில் யாருக்காவது அப்படி மாத்திரை தொடங்கியிருந்தால் உப்பை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.)

மென்பொருளில் உட்காரும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஆளை ராண்டமாக மட்டும் போட்டால், 3ஆம் மாதத்துக்கும் 6ஆம் மாதத்துக்கும் உள்ள ஒற்றுமையும் 3க்கும் 12க்கும் உள்ள ஒற்றுமையும் ஒன்றே என்று மாடல் எடுத்துக்கொள்ளும். நிஜத்தில் பக்கத்து மாதங்கள் கூடுதலாக ஒத்திருக்கும். தொடக்க அளவீடு விளக்க மாறியாகிவிட்டபின் உங்களிடம் 3, 6, 12 என்று மூன்றே அளவீடுகள் மிஞ்சுவதால், எந்த வடிவமும் திணிக்காமல் மூன்று மாறுபாடுகளையும் மூன்று இணைமாறுபாடுகளையும் (இரண்டு மாதங்கள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவுகள்) தரவே சொல்லட்டும் என்று விட்டுவிடலாம், ஆறே எண்கள். மருந்து நிறுவன ட்ரையல்களில் எம்எம்ஆர்எம் (மிக்ஸ்டு மாடல் ஃபார் ரிப்பீட்டட் மெஷர்ஸ்) என்று சொல்வது இதைத்தான். அதற்கு மேல் ஊரை ராண்டமாக வைக்கவேண்டும். எஸ்ஏஎஸ் மென்பொருளின் ப்ராக் மிக்ஸ்டு இரண்டையும் சேர்த்துச் செய்யும். ஆர் மொழியில் என்எல்எம்இ என்ற பேக்கேஜ் செய்யும். எம்எம்ஆர்எம் என்ற பெயரிலேயே உள்ள ஆர் பேக்கேஜில் ஊரை ராண்டமாகப் போட வழி இல்லை, அங்கே மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, மதிப்பிடும் முறை ரெமல் (மாறுபாட்டைக் குறைத்துக் காட்டாமலிருக்க உதவும் முறை) ஆக இருக்கட்டும். எஸ்ஏஎஸ்ஸில் டிகிரி ஆஃப் ஃப்ரீடமுக்கு, அதாவது ஒப்பீட்டைத் தாங்கும் சுயேச்சையான தகவல் எத்தனை என்ற எண்ணுக்கு, கென்வர்டு-ரோஜர் திருத்தம் கேளுங்கள். 12 ஊர், 2 தரப்பு என்றால் உங்கள் ஒப்பீட்டுக்கு ஏறக்குறைய 10 டிகிரிதான் கையில் உண்டு. வித்தியாசத்தைத் திட்டப் பிழையால் வகுத்து வரும் எண் 1.96க்குப் பதில் 2.23ஐத் தாண்டவேண்டும். மென்பொருள் 400 சொச்சம் என்று காட்டினால் ஊரை அது சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, ஊரின் மாறுபாடு பூஜ்யம் என்று வந்து சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரலாம். 12 ஊர்தான் இருப்பதால் இது சாதாரணம். உடனே ஊரைத் தூக்கிவிட்டு ஆள்வாரிக் கணக்குக்குப் போய்விடாதீர்கள். நீங்கள் குலுக்கியது ஊரைத்தான், எச்சரிக்கை வந்தாலும் அது மாறாது.

உப்பால் வந்த மாற்றம் ஊருக்கு ஊர் வேறாக இருக்கலாம், மாதத்துக்கு மாதம் ஊரே ஏறி இறங்கலாம். அதையெல்லாம் மாடலில் சேர்க்க ஆசை வரும். 12 ஊர்களை வைத்துக்கொண்டு அவ்வளவு நுணுக்கம் தாங்காது, மாடல் நின்றுவிடும் அல்லது அர்த்தமில்லாத எண் தரும். அதற்குப் பதில் ஒரு எளிய குறுக்குச் சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் 12ஆம் மாதச் சராசரியை, தொடக்க அளவுக்குச் சரிக்கட்டி, ஒரே எண்ணாக எழுதுங்கள். 12 எண்கள் கிடைக்கும். அந்த ஆறுக்கும் இந்த ஆறுக்கும் டி-டெஸ்ட். வழிகாட்டி விரும்பும் டி-டெஸ்டுக்கு உரிய இடம் இதுதான். இதுவும் மிக்ஸ்டு மாடலும் ஏறக்குறைய ஒரே வித்தியாசத்தையும் ஒரே அகலமுள்ள நம்பக இடைவெளியையும் (உண்மை வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை) காட்டினால் உங்கள் மாடல் சரியாக அமைந்திருக்கிறது. ஒன்று 5 மி.மீ. என்றும் மற்றது 2 மி.மீ. என்றும் சொன்னால், கட்டுரை எழுதுவதை நிறுத்திவிட்டு ஏன் என்று தேடுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு ஊரில் நிறையப் பேர் விடுபட்டிருப்பார்கள்.

"பிரஷர் கட்டுக்குள் வந்ததா" என்ற ஆம்-இல்லை முடிவையும் சொல்ல வேண்டுமானால் லாஜிஸ்டிக் மிக்ஸ்டு மாடல் உண்டு. அதில் வரும் ஆட்ஸ் ரேஷியோ (இரண்டு தரப்பிலும் கட்டுக்குள் வரும் சாத்தியங்களின் விகிதம்) ஒரே ஊரில் உள்ள ஒரே மாதிரி ஆளுக்கானது, மொத்த மக்களுக்கானது அல்ல, அது கொஞ்சம் பெரிதாகத் தெரியும். மக்களுக்கான எண் வேண்டுமென்றால் புள்ளியியலாளர்கள் லியாங்கும் ஸீகரும் 1986இல் தந்த ஜிஇஇ என்ற முறை இருக்கிறது. ஆனால் 12 ஊருக்கு அது திட்டப் பிழையைக் குறைத்துக் காட்டும், சிறு எண்ணிக்கைக்கான திருத்தம் இல்லாமல் போடவேண்டாம். இதை இரண்டாம் நிலை முடிவாக வைத்துக்கொள்வதே மேல்.

எழுதும்போது, வித்தியாசத்தையும் 95 சதவீத நம்பக இடைவெளியையும் 12ஆம் மாதத்துக்குத் தனியாகக் கொடுங்கள். பி மதிப்பு கூடவே வரட்டும், முன்னால் வரவேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை பேர் தொடங்கி எத்தனை பேர் முடித்தார்கள் என்று ஒரு அட்டவணை வேண்டும். ஊர் மாறுபாடு, ஆள் மாறுபாடு, மிச்ச மாறுபாடு மூன்றையும் எண்ணாகப் போடுங்கள், ஐசிசியையும் சேர்த்து. கிளஸ்டர் ட்ரையல்களை, அதாவது ஊர் போன்ற குழுக்களைக் குலுக்கும் ட்ரையல்களை, எப்படி எழுதவேண்டும் என்று சொல்லும் கான்சார்ட் வழிகாட்டுதலும் ஐசிசியைக் கேட்கிறது. மேலே 0.05 என்று நான் எடுத்துக்கொண்டது ஒரு உதாரணத்துக்காக. உங்கள் 12 ஊர்களிலிருந்து வரும் எண், அகலமான இடைவெளியோடு வந்தாலும், இந்தக் கரையில் அடுத்த ட்ரையலுக்கு எத்தனை ஊர் வேண்டும் என்று கணக்கிடுகிறவருக்கு நேரடியாகப் பயன்படும்.